வட வேல்ஸின் கோட்டை வழி: கான்வி முதல் ஹார்லெக் வரை

ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கடலோரத்தில் நான்கு பெரிய கற்கோட்டைகள் உள்ளன. அவை கான்வி, பியூமாரிஸ், கயர்நார்வன், ஹார்லெக் என்பன. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைக் கட்டுவித்தார். இந்நான்கு கோட்டைகளையும், கான்வி, கயர்நார்வன் ஆகிய ஊர்களின் நகர மதில்களையும் சேர்த்து 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நான்கு கோட்டைகளையும், அவற்றுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் எரரி மலைநாட்டையும் காரில் ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரண்டு நாள்கள் இருந்தால் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம். மூன்று நாள்கள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

கடல், மலை, ஏரி, பழங்கோட்டை என்று கண்ணுக்கு இனிய காட்சிகள் நிறைந்த வழி இது. ஆயினும் இக்கோட்டைகள் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தோற்கடிக்கப்பட்ட ஒரு மக்களை என்றென்றும் அடக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது, எங்கே தோற்றது என்பதை இவ்வழியில் செல்வோர் ஊருக்கு ஊர் காண முடியும்.

பெயர்களும் ஒலிப்பும்

வேல்ஸ் மக்கள் தம் நாட்டைக் கம்ரி என்று அழைக்கின்றனர். ஒரே நாட்டார், கூடி வாழ்வோர் என்னும் பொருள் கொண்ட சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. வேல்ஸ் என்பதோ ஆங்கிலேயர் இட்ட பெயர். அயலார் என்னும் பொருள்படும் பழைய செருமானியச் சொல்லிலிருந்து பிறந்தது. சொந்த மண்ணிலேயே ஒரு மக்கள் அயலார் என்று பெயர் பெற்ற வரலாறு இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

அவர்களது வெல்ஷ் மொழி, கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று; ஆங்கிலம் பிரித்தானியத் தீவுக்கு வருவதற்கு முன்பு அங்கு வழங்கிய மொழியின் வழித்தோன்றல். லுவெலின், லான்பெரிஸ் போன்ற பெயர்களின் முதல் ஒலி அம்மொழியின் சிறப்பு ஒலிகளுள் ஒன்று. நாக்கை ல என்று சொல்லும் நிலையில் வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் வெளியே விட்டால் அவ்வொலி கிடைக்கும். அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் இக்கட்டுரையில் லகரமே பயன்படுத்தப்பட்டுள்ளது.

கோட்டைகள் எழுந்த காரணம்

13ஆம் நூற்றாண்டில் வட வேல்ஸில் குவினெத் என்னும் சிற்றரசு வலிமையாக இருந்தது. அதன் அரசர் லுவெலின் அப் கிரிஃபித்தை வேல்ஸின் இளவரசர் என்று 1267இல் இங்கிலாந்து அரசும் ஏற்றுக்கொண்டது. 1272இல் அரசுக்கு வந்த முதலாம் எட்வர்டுக்கும் லுவெலினுக்கும் இடையே பகை மூண்டது. 1277இல் முதல் போர் நடந்தது. 1282இல் தொடங்கிய இரண்டாம் போரில், டிசம்பர் 11 அன்று, நடு வேல்ஸில் லுவெலின் கொல்லப்பட்டார். அவரது தலை லண்டன் கோபுரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவருக்குப் பின் போரைத் தொடர்ந்த தம்பி தாவித் 1283இல் பிடிபட்டுக் கொடிய முறையில் கொல்லப்பட்டார். 1284இல் பிறப்பிக்கப்பட்ட ருத்லான் சட்டம், வென்ற நிலத்தை ஆங்கிலேய ஆட்சிமுறைக்குள் கொண்டுவந்தது.

போரில் வெல்வது எளிது, மலைநாட்டை ஆள்வது கடினம் என்பதை எட்வர்ட் அறிந்திருந்தார். மலைப்பகுதிக்குள் படை நடத்திச் சென்றால் உணவு கிடைக்காது, வழி மறிக்கப்படும். ஆகவே மலைநாட்டைச் சுற்றி வளையம் போலக் கோட்டைகளைக் கட்டினார். பெரும்பாலானவை கப்பல் வந்து சேரக்கூடிய இடங்களில் அமைந்தன. நிலவழி முழுவதும் பகைவர் கையில் இருந்தாலும், கடல்வழியாக உணவும் ஆயுதமும் ஆட்களும் வந்து சேரும். இக்கோட்டைகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோல். எந்தக் கோட்டைக்குச் சென்றாலும் நீரை நோக்கிய வாயில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்தால், மற்ற அமைப்புகள் தாமே விளங்கும்.

கட்டுமானப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்னும் தலைமைக் கொத்தனார். இவர் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவாய் நாட்டிலிருந்து வந்தவர். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கொத்தர்களும் தச்சர்களும் மண்வெட்டுவோரும் திரட்டப்பட்டு வேல்ஸுக்கு அனுப்பப்பட்டனர்.

கான்வி

பயணத்தைத் தொடங்க ஏற்ற ஊர் கான்வி. கான்வி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், பாறை மீது எட்டுப் பெருங்கோபுரங்களுடன் கோட்டை நிற்கிறது. 1283இல் தொடங்கி 1287க்குள் கோட்டையும் நகர மதிலும் கட்டி முடிக்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 15,000 பவுண்டு. அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

கோட்டை கட்டப்பட்ட இடத்தில் அதற்கு முன்பு ஒரு துறவியர் மடம் இருந்தது. குவினெத் அரசர்களுள் புகழ்பெற்றவரும், போரில் இறந்த லுவெலினின் பாட்டனாருமான பெரிய லுவெலின் அம்மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்ட் துறவியரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதே இடத்தில் தம் கோட்டையை எழுப்பினார். இடத் தேர்வுக்கு ஆற்றுமுகம் காரணம் என்றாலும், அரசமரபின் நினைவிடத்தையே கைப்பற்றியது எல்லாருக்கும் புரியக்கூடிய அறிவிப்பாகவும் அமைந்தது.

கோட்டையிலிருந்து புறப்படும் நகர மதில் 21 கோபுரங்களும் மூன்று வாயில்களும் கொண்டு, ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரைச் சுற்றி வருகிறது. அதன் பெரும்பகுதியில் இன்றும் மேலேறி நடக்கலாம். மதிலுக்குள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்டனர். வேல்ஸ் மக்கள் அந்நகரங்களில் குடியிருக்கவும், அவற்றுக்கு வெளியே வாணிகம் செய்யவும் தடைகள் இருந்தன.

1294இன் இறுதியில் மதோக் அப் லுவெலின் என்பவர் தலைமையில் கிளர்ச்சி மூண்டபோது, அதை அடக்க வந்த எட்வர்ட் ஆறு பெருக்கெடுத்ததால் கான்வியில் சிக்கிக்கொண்டார். கோட்டை அவரைக் காத்தது. ஆனால் 1401ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று, காவலர்கள் வழிபாட்டுக்குச் சென்றிருந்த நேரத்தில், ஓவைன் கிளின்டூரின் ஆதரவாளர்களாகிய ரீஸ், குவிலிம் என்னும் சகோதரர்கள் சூழ்ச்சியால் கோட்டையைக் கைப்பற்றினர். தச்சர் வேடத்தில் ஆட்கள் உள்ளே நுழைந்தனர் என்று சொல்லப்படுகிறது. எட்டுக் கோபுரங்களால் தடுக்க முடியாததை ஒரு திறந்த கதவு செய்துவிட்டது. இவ்விருவரும் டியூடர் குடும்பத்தினர். இக்குடும்பத்தின் வழிவந்த ஏழாம் ஹென்றிதான் 1485இல் இங்கிலாந்தின் அரசரானார்.

கோட்டை வாயிலையொட்டி ஆற்றைக் கடக்கும் தொங்குபாலம் தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியாளர் 1826இல் அமைத்தது. கோட்டையோடு இசைந்திருக்கும்படி அதன் தூண்களைச் சிறு கோபுரங்கள் போலவே கட்டினார். 1991இல் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது, கோட்டையின் தோற்றம் கெடாதிருக்க, சாலை ஆற்றுக்கு அடியில் சுரங்கவழியாகக் கொண்டுசெல்லப்பட்டது.

பியூமாரிஸ்

கான்வியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் செங்குத்தான மலை. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே சாலைக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் மட்டுமே இடம் உண்டு. பழங்காலப் படைகள் இவ்வழியை ஏன் அஞ்சின என்பது வண்டியில் இருந்தபடியே விளங்கும். இவ்வழியே சென்று மெனாய் நீரிணையைக் கடந்து ஆங்கிள்சி தீவை அடையலாம்.

கடக்கும் பாலமும் டெல்ஃபோர்டின் படைப்பே. 1826இல் திறக்கப்பட்ட மெனாய் தொங்குபாலத்தின் நடுப்பகுதி 176 மீட்டர் நீளமுடையது. உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் கீழே செல்ல வேண்டும் என்பதற்காக, நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டது. பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பிக் கரையோரமாகச் சென்றால் பியூமாரிஸ் வரும். நீரிணைக்கு அப்பால் எரரி மலைத்தொடர் முழுவதும் தெரியும் ஊர் இது.

மதோக்கின் கிளர்ச்சிக்குப் பிறகு, 1295இல் இக்கோட்டை தொடங்கப்பட்டது. இங்கு இருந்த லான்வாஸ் என்னும் செழிப்பான வேல்ஸ் ஊரின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டு, தீவின் மறுகோடியில் குடியமர்த்தப்பட்டனர். அந்தப் புதிய ஊர் இன்றும் நியூபரோ என்னும் பெயரில் உள்ளது. பியூமாரிஸ் என்பது அழகிய சதுப்பு நிலம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுப் பெயர்.

நிலம் சமதளமாக இருந்ததால், பாறைக்கு ஏற்ப வளைக்க வேண்டிய தேவையின்றிக் கொத்தனார் ஜேம்ஸ் தாம் எண்ணியபடியே திட்டமிட முடிந்தது. முதலில் நீர் நிறைந்த அகழி; அடுத்துத் தாழ்ந்த வெளிமதில்; அதற்குள் ஏறத்தாழ 5 மீட்டர் தடிமன் கொண்ட உயர்ந்த உள்மதில். வெளிமதிலைப் பிடித்த பகைவர் மீது உள்மதிலிலிருந்து அம்பு மழை பொழியலாம். வெளிவாயிலும் உள்வாயிலும் நேர்கோட்டில் இல்லை. நுழைவோர் திரும்பிச் செல்ல வேண்டும். கப்பல் வந்து நிற்கக் கோட்டையை ஒட்டியே ஒரு துறையும் உண்டு.

1296இல் ஜேம்ஸ் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 400 கொத்தர்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர், 100 வண்டிகள், 30 படகுகள் என்று கணக்குக் கொடுத்து, ஆட்களுக்குக் கூலி தரப் பணம் இல்லை என்று அவர் முறையிடுகிறார். எட்வர்டின் கவனமும் பணமும் அப்போது ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பிவிட்டன. கோட்டை முழு உயரத்தை எட்டவே இல்லை. 1330 அளவில் பணி நின்றது. திட்டத்தில் மிக நிறைவானதாகப் போற்றப்படும் இக்கோட்டைதான் கட்டி முடிக்கப்படாமல் போயிற்று.

கயர்நார்வன்

மீண்டும் பெருநிலத்துக்குத் திரும்பி, நீரிணையை ஒட்டித் தென்மேற்கே சென்றால் கயர்நார்வன். பியூமாரிஸிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மோன் தீவுக்கு எதிர்ப்புறத்துக் கோட்டை என்பது இப்பெயரின் பொருள். மோன் என்பது ஆங்கிள்சியின் வெல்ஷ் பெயர். உரோமானியர் முதல் நூற்றாண்டில் அமைத்த செகோன்டியம் என்னும் படைத்தளத்தின் அடித்தளங்களை ஊரின் மேட்டுப்பகுதியில் இன்றும் காணலாம்.

மற்ற மூன்று கோட்டைகளின் கோபுரங்கள் வட்டமானவை. கயர்நார்வனில் மட்டும் அவை பல கோணங்களுடன், வேறு நிறக் கற்களால் ஆன பட்டைகளோடு உள்ளன. கான்ஸ்டான்டினோபிளின் மதில்களை நினைவூட்டும்படி இவ்வாறு கட்டப்பட்டதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். உரோமப் பேரரசன் ஒருவனோடு இவ்வூரைத் தொடர்புபடுத்தும் வேல்ஸ் கதைகள் முன்பே இருந்தன. மக்களின் பெருமைமிக்க கதையையே தம் ஆட்சிக்கு அணியாக்கிக்கொண்டார் எட்வர்ட்.

அவருடைய மகன், பின்னாளில் இரண்டாம் எட்வர்ட், 1284 ஏப்ரலில் இங்குப் பிறந்தார். ஆங்கிலம் பேசாத ஓர் இளவரசனைத் தருவதாக வாக்களித்த மன்னர், பேச்சே வராத பச்சைக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தோன்றுகிறது. வரலாற்றுச் சான்று இல்லை. வேல்ஸின் இளவரசர் என்னும் பட்டம் அவருக்கு உண்மையில் 1301இல் வழங்கப்பட்டது. அதுமுதல் இங்கிலாந்து முடிக்குரிய மூத்த மகனுக்கு அப்பட்டம் தரும் வழக்கம் ஏற்பட்டது. 1911லும் 1969லும் இளவரசருக்கான பட்டமேற்பு விழா இக்கோட்டைக்குள் நடந்தது. 1969 விழாவை வேல்ஸ் தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தனர்.

மதோக்கின் ஆட்கள் 1294இல் இக்கோட்டையைக் கைப்பற்றி எரித்தனர். அப்போது நகரத்தை ஒட்டிய பக்கத்தின் மதில் நிறைவடையாமல் இருந்தது. ஆயினும் கயர்நார்வனில் பயணிகள் உணரும் பெரிய வியப்பு கல்லில் இல்லை, காதில் இருக்கிறது. ஒரு காலத்தில் வேல்ஸ் மக்கள் குடியிருக்கத் தடை இருந்த இம்மதில் நகரத்தின் கடைகளிலும் தெருக்களிலும் இன்று மிகுதியாகக் கேட்பது வெல்ஷ் மொழியே. அம்மொழி பேசுவோர் விழுக்காடு மிக அதிகமாக உள்ள நகரங்களுள் இது ஒன்று.

மலைநாடும் இளவரசர்களின் கோட்டையும்

கயர்நார்வனிலிருந்து கிழக்கே 12 கிலோமீட்டரில் லான்பெரிஸ் உள்ளது. இங்கிருந்து எரரி மலைநாடு தொடங்குகிறது. 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் பரப்பு 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா எனப்பட்டது. வேல்ஸின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்னோடனை (1,085 மீட்டர்) வெல்ஷ் மொழியில் அர் வித்வா என்பர். புதைமேடு என்று பொருள். ரீத்தா என்னும் அரக்கன் அதனடியில் புதைக்கப்பட்டதாகக் கதை. எரரி, அர் வித்வா என்னும் பெயர்களையே பயன்படுத்துவது என்று 2022இல் பூங்கா நிர்வாகம் முடிவு செய்தது. 1896 முதல் லான்பெரிஸிலிருந்து மலை உச்சிக்குப் பற்சக்கரத் தொடர்வண்டி ஓடுகிறது.

லான்பெரிஸில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே, சிறு குன்றின் மேல், ஒற்றை வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். இதுவே டோல்பாடர்ன் கோட்டை. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய லுவெலின் கட்டியது. கடலோரக் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வருவோருக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அதன் வேலையே வேறு. கடலை அன்று, மலைக் கணவாயை அது காத்தது. அந்நாட்டு அரசர்கள் தம் சொந்த நிலத்தைக் காக்கக் கட்டியதற்கும், அயல் அரசர் ஒருவர் பிடித்த நிலத்தை விடாதிருக்கக் கட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நேரில் காணலாம். வெற்றிக்குப் பிறகு எட்வர்டின் ஆட்கள் இக்கோட்டையின் மரங்களைப் பெயர்த்துக் கயர்நார்வன் பணிக்கு எடுத்துச் சென்றனர்.

இளவரசர்களின் ஆட்சி குறையற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. லுவெலின் அப் கிரிஃபித் தம் அண்ணன் ஓவைனை 20 ஆண்டுகளுக்கு மேல் சிறை வைத்தார். அந்தச் சிறை டோல்பாடர்னாகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

எதிர்ப்புற மலைச்சரிவு படிப்படியாக வெட்டப்பட்டிருப்பது டினோர்விக் பலகைக்கல் சுரங்கம். 1969இல் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக ஊராருக்கு அதுவே பிழைப்பு. வடமேற்கு வேல்ஸின் பலகைக்கல் நிலப்பரப்பும் 2021இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

பெத்கெலெர்ட்

லான்பெரிஸிலிருந்து சாலை 359 மீட்டர் உயரமுள்ள பென்-அ-பாஸ் கணவாய்க்கு ஏறி, பின்பு ஏரிகள் நிறைந்த குவினன்ட் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் பெத்கெலெர்ட் என்னும் சிற்றூர். ஊருக்கு முன்பே வரும் டினாஸ் எம்ரிஸ் குன்றுக்கு ஒரு பழங்கதை உண்டு. அரசன் ஒருவன் அங்குக் கட்டிய கோட்டை இரவுதோறும் இடிந்து விழ, நிலத்தடியில் சிவப்பு நாகமும் வெள்ளை நாகமும் போரிடுவதை ஒரு சிறுவன் காட்டினான். சிவப்பு நாகம் வேல்ஸ் மக்களையும் வெள்ளை நாகம் சாக்சன்களையும் குறிக்கும். வேல்ஸ் கொடியில் இன்று உள்ளது அந்தச் சிறகுடைய சிவப்பு நாகமே.

பெத்கெலெர்ட் என்றால் கெலெர்ட்டின் கல்லறை. கெலெர்ட் என்பது பெரிய லுவெலினின் வேட்டைநாய் என்பர். குழந்தைக்குக் காவலாக விடப்பட்ட நாய் வாயில் இரத்தத்தோடு எதிரே வர, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணி அரசர் அதை வெட்டினார். பிறகு பார்த்தால் குழந்தை நலமாக இருந்தது. அருகில் ஓர் ஓநாய் செத்துக் கிடந்தது. தமிழ் வாசகர்களுக்கு இக்கதை புதிதன்று. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியைப் பார்ப்பனி அவசரத்தில் கொன்ற கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அந்நிகழ்ச்சி குறிக்கப்படுகிறது. இந்தியாவில் தோன்றிய இக்கதை நாடு நாடாகச் சென்று, கீரி நாயாகவும் பாம்பு ஓநாயாகவும் மாறி இம்மலைச் சிற்றூரில் குடியேறியிருக்கிறது. ஆற்றங்கரையில் காட்டப்படும் கல்லறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் பயணிகளை ஈர்க்க அமைத்தது என்பதே பொதுவான கருத்து.

ஹார்லெக்

பெத்கெலெர்ட்டிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தெற்கே, கடலை நோக்கிய செங்குத்துப் பாறையின் மேல் ஹார்லெக் கோட்டை நிற்கிறது. 1283 முதல் 1289 வரை கட்டப்பட்டது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரப் பாறையே பாதிக் காவல். அன்று கடல் பாறையின் அடிவரை வந்தது. இன்று மணல்மேடுகள் உருவாகிக் கடல் விலகிவிட்டது. ஆயினும் பாறையில் வெட்டிய 108 படிகள் கீழே இறங்குகின்றன. 1294 கிளர்ச்சியில் நிலவழி அடைபட்டபோது, அயர்லாந்திலிருந்து வந்த கப்பல்களே இக்கோட்டைக்கு உணவு கொண்டுவந்தன. எட்வர்டின் கணக்குத் தவறவில்லை.

ஆனால் 1404இல் ஓவைன் கிளின்டூர் நெடும் முற்றுகைக்குப் பின் இதைக் கைப்பற்றினார். 1400இல் தம்மை வேல்ஸின் இளவரசராக அறிவித்துக்கொண்டு கிளர்ச்சியைத் தொடங்கியவர் அவர். அடக்குவதற்காகக் கட்டிய கோட்டையே சில ஆண்டுகள் விடுதலை பெற்ற வேல்ஸின் அரசிருக்கையாயிற்று. ஓவைன் இங்கு மக்கள் அவையைக் கூட்டினார். 1409இல் கோட்டை வீழ்ந்தது. அவர் மனைவியும் மகள்களும் லண்டன் கோபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஓவைன் மட்டும் பிடிபடவே இல்லை. அவரைக் காட்டிக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் நடந்த ரோசாப்பூப் போர்களில் இக்கோட்டை 1461 முதல் 1468 வரை ஏழாண்டு தாக்குப்பிடித்தது. ஹார்லெக்கின் வீரர்கள் என்னும் புகழ்பெற்ற பாடல் அம்முற்றுகையோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

திரும்பும் வழி

ஹார்லெக்கிலிருந்து வடகிழக்கே திரும்பினால், சாம்பல் நிறக் கல்மலைகள் சூழ்ந்த பிளைனை ஃபெஸ்டினியோக் ஊரும், அதையடுத்து உயர்ந்த கணவாயும் வரும். கணவாய்க்கு அப்பால் டோல்விதெலன் கோட்டை. இதுவும் பெரிய லுவெலின் கட்டியதே. 1283 ஜனவரியில் எட்வர்டின் படைக்கு இது பணிந்ததும் மலைநாட்டின் கதவு திறந்துவிட்டது. மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே தனித்து நிற்கும் இதனைக் காண வருவோர் குறைவு.

இதற்கு அருகிலுள்ள விப்ர்னன்ட் பள்ளத்தாக்கில் ஒரு கல்வீடு இருக்கிறது. 1545 அளவில் அங்குப் பிறந்த வில்லியம் மோர்கன் என்னும் குருவானவர், முழு விவிலியத்தையும் வெல்ஷ் மொழியில் பெயர்த்து 1588இல் வெளியிட்டார். இவ்வழியில் உள்ள மிகச் சிறிய கட்டடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் விளைவில் எந்தக் கோட்டைக்கும் குறைந்ததன்று. பெட்டஸ்-அ-கோய்ட் என்னும் காட்டூர் வழியாகக் கான்வி ஆற்றை ஒட்டிச் சென்றால் வட்டம் நிறைவடையும்.

கோட்டைகளுக்குப் பிறகு மொழி

படையால் முடியாததைச் சட்டம் செய்ய முயன்றது. டியூடர் மரபினரான எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல் இயற்றப்பட்ட சட்டம், வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றும், வெல்ஷ் மட்டும் அறிந்தவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றும் விதித்தது. வேல்ஸ் வழிவந்த குடும்பமே இதைச் செய்தது. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் பேசிய மாணவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. வேறொருவன் அம்மொழி பேசினால் துண்டு அவனுக்கு மாறும். நாள் முடிவில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பிள்ளைகளே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும்படி அமைந்த முறை இது.

மொழி பிழைத்ததற்குக் காரணங்கள் பல. மோர்கனின் விவிலியத்தால் வழிபாட்டு மொழியாக வெல்ஷ் நிலைத்தது. அதனால் எழுத்துமொழி சிதையவில்லை. மலையூர்களிலும் கல்சுரங்க ஊர்களிலும் அதுவே வேலை மொழியாக நீடித்தது. 1962இல் தொடங்கிய வெல்ஷ் மொழிச் சங்கத்தினர் ஆங்கிலம் மட்டும் இருந்த சாலைப் பலகைகளைத் தார்பூசி அழித்தனர். பலர் சிறை சென்றனர். அதன் பயனே இன்று பயணிகள் காணும் இருமொழிப் பலகைகள். 1982இல் வெல்ஷ் தொலைக்காட்சி வந்தது. 2011இல் அம்மொழிக்கு வேல்ஸில் முழு அலுவல் தகுதி சட்டமாயிற்று.

ஆபத்து நீங்கிவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5,62,000 பேர் வெல்ஷ் பேசினர். 2021இல் அது 5,38,000 ஆகக் குறைந்தது. மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. கயர்நார்வனும் ஹார்லெக்கும் அமைந்த குவினெத் மாவட்டத்தில் மட்டும் அது 64.4 விழுக்காடு. எட்வர்ட் கோட்டை கட்டி வளைத்த நிலப்பகுதியே இன்று அம்மொழியின் கோட்டையாக இருக்கிறது. 2050க்குள் பத்து இலட்சம் பேரை எட்டுவது வேல்ஸ் அரசின் இலக்கு.

பயணிகள் அறிய வேண்டியவை

இந்தியாவைப் போலவே வேல்ஸிலும் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்லும். வேகமும் தொலைவும் மைல் கணக்கில் குறிக்கப்படும். 2023 செப்டம்பர் முதல் ஊர்ப்பகுதிச் சாலைகள் பெரும்பாலானவற்றில் வேக எல்லை மணிக்கு 20 மைல். மலைச்சாலைகள் குறுகலானவை, ஆடுகள் குறுக்கே வரும். கோடையிலும் மழை உண்டு.

கோட்டைகளைக் கேடு என்னும் அரசு மரபுப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. அதன் பெயரே காத்தல் என்னும் பொருளுடைய வெல்ஷ் சொல். கோட்டைகளின் உள்ளே சுழற்படிகள் குறுகியும் தேய்ந்தும் இருக்கும். பிடிப்புள்ள காலணி தேவை.

சாலைப் பலகைகளில் அடிக்கடி வரும் சில சொற்களை அறிந்து சென்றால் இடப்பெயர்கள் பொருளோடு விளங்கும்:

அராவ் – மெதுவாகச் செல்க
அபெர் – ஆற்றுமுகம்
லான் – கோயிலும் அதைச் சூழ்ந்த ஊரும்
லின் – ஏரி
பென் – தலை, உச்சி
பான்ட் – பாலம்
கயர் – கோட்டை, அரண்
பெத் – கல்லறை
க்ரோய்சோ – நல்வரவு

இவற்றுள் கடைசிச் சொல் இன்று நான்கு கோட்டைகளின் வாயிலிலும் எழுதப்பட்டிருக்கிறது.